மாத்திரைக்கும் காபிக்கும் நடுவே ஒரு மணி நேரம்

"காலையில கண் முழிச்சதுல இருந்து ஒண்ணொண்ணா சொல்லுங்கம்மா. என்ன குடிப்பீங்க, எப்போ சாப்பிடுவீங்க, மாத்திரை எப்போ?"

திருநெல்வேலியில் நான் போய்ப் பார்த்த ஹார்மோன் டாக்டர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. மேசையில் நான் வைத்த ஃபைலை அவர் இன்னும் திறக்கவில்லை. அதற்குள் என் தைராய்டுக் குறைபாட்டின் எட்டு மாதக் கணக்கு இருந்தது. தைராய்டு இரத்தப் பரிசோதனையில் வந்த முதல் டி.எஸ்.ஹெச். எண் 14.6. 50 மைக்ரோகிராம் மாத்திரை போட்ட பிறகு 9.8. அப்புறம் நடுவில் ஒரு 21. மாத்திரையை 75-ஆக ஏற்றியும் கடைசியாக வந்தது 8.9. கல்யாணமாகி மூன்றாவது வருடம். குழந்தைக்காகக் காத்திருந்தோம்.

நான் சொன்னேன். எங்கள் வீடு தூத்துக்குடியில். விடிகாலை ஐந்து மணிக்கு அத்தை அடுப்பைப் பற்றவைத்துவிடுவார். கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, அது கரைந்து கொதிக்கும்போது காபித்தூளும் ஒரு சிட்டிகை சுக்கும் சேர்த்து இறக்கி வடிகட்டுவார். அந்த வாசனைக்குத்தான் வீடே எழுந்திருக்கும். மாமாவுக்கு ஒரு டம்ளர், அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மாத்திரை டப்பா அடுப்படி அலமாரியிலேயே இருக்கும். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்து, காபியோடு சேர்த்து விழுங்கிவிடுவேன். சீட்டில் 'வெறும் வயிற்றில்' என்று எழுதியிருந்தது. வயிறு வெறும் வயிறுதானே, காபி என்ன சாப்பாடா?

"காபியோடயா?" என்றார் டாக்டர். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இரும்புச் சத்து மாத்திரை ஏதாவது?" உண்டு, இட்லி சாப்பிட்டதும் போடுவேன் என்றேன். "அது எத்தனை மணிக்கு?" ஏழரைக்கு. அப்போதுதான் ஃபைலைத் திறந்தார். "மாத்திரையைக் கூட்ட வேண்டாம். அதே 75 இருக்கட்டும். நேரத்தை மட்டும் மாத்துவோம்."

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரியைச் சொல்லத்தான். தைராய்டு என்று தெரிந்த நாளிலிருந்து எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்று ஊரே எனக்கு வகுப்பெடுத்தது. எப்போது சாப்பிட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. முதலில் நான் பார்த்த கிளினிக்கில் ரிப்போர்ட்டைப் புரட்டி, "தைராய்டு இருக்கு, மாத்திரை போடுங்க, வாழ்நாள் முழுக்கப் போடணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே முப்பது பேர் காத்திருந்தார்கள், புரிகிறது. ஆனால் காபி குடிக்காதே என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதற்கு நான் கொடுத்த விலை எட்டு மாதம். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு எட்டு மாதம் எவ்வளவு நீளம் என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

'தைராய்டு அதிகமா இருக்கு' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அது பெரும்பாலும் தலைகீழ். தைராய்டு என்பது கழுத்தின் முன்பக்கம் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பி. அது சரியாகச் சுரக்காதபோது, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி 'சுரந்து கொடு, சுரந்து கொடு' என்று அதை விரட்டும். அந்த விரட்டலின் அளவுதான் டி.எஸ்.ஹெச். ஆக அந்த எண் ஏறினால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். இது புரியாமல் நான் முதல் இரண்டு மாதம் 'அதிகமாக இருப்பதைக் குறைக்க' மாத்திரை போடுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மாத்திரையில் இருப்பதோ என் சுரப்பி தராமல் விட்ட அதே ஹார்மோன், தைராக்சின். அளவு 75 மைக்ரோகிராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வருடம் முழுக்க நான் விழுங்கும் மருந்து மொத்தம் சுமார் 27 மில்லிகிராம். ஓர் அரிசிமணியின் எடை. இவ்வளவு துளியானதில் ஒரு பங்கு காபியிலும் ஒரு பங்கு இரும்பு மாத்திரையிலும் போய்விட்டால் உடம்புக்கு என்ன மிஞ்சும்?

குழந்தைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "கழுத்துல இருக்கறதுக்கும் வயித்துக்கும் என்னட்டி இருக்கு?" அந்தக் கேள்வியையே டாக்டரிடம் கேட்டேன். தைராய்டு குறையும்போது மூளையிலிருந்து வரும் தூண்டுதல், டி.எஸ்.ஹெச்.சோடு சேர்த்துப் புரோலாக்டினையும் ஏற்றிவிடக்கூடும் என்றார். புரோலாக்டின் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். பால் கொடுக்கும் தாய்க்கு மாதவிலக்கு தள்ளிப்போகிறதல்லவா, அதேபோல இங்கும் கருமுட்டை வெளிவருவது தடுமாறும். எனக்கு அப்படித்தான். நாற்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று தள்ளிப்போகும். வந்தால் ஒன்பது நாளைக்கு விடாது. அதனால்தான் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கி, இரும்பு மாத்திரையும் வந்து சேர்ந்தது.

தள்ளிப்போகும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்கள் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறையும் நம்பிக்கை வரும். அத்தை என் முகத்தைப் பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார், ஆனால் மாடிக்குத் துணி உலர்த்தப் போகாதே என்பார். மருந்துக்கடையில் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கி வைப்பேன். ஒரே ஒரு கோடு. நாற்பத்து நாலாம் நாள் வயிறு வலிக்கும். கல்யாண வீடுகளில் 'என்ன, விசேஷம் உண்டா?' என்று கேட்பவர்களுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். அந்த நாற்பத்து நாலாம் நாளில் அத்தைக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருந்தது.

இனி அந்த 21-இன் கதை. உறவுக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினாள்: தனியா விதையை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துக் குடித்தால் தைராய்டு வேரோடு போய்விடும், ஆங்கில மருந்தே வேண்டாம். மாத்திரை போட்டும் 9.8-ல் நின்றிருந்த நேரம் அது. 'வாழ்நாள் முழுக்க' என்ற சொல் வேறு நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். இவரிடம்கூடச் சொல்லவில்லை. ஏழு வாரம் மல்லித் தண்ணீர் குடித்தேன். கால் வீங்கியது, பகலிலேயே கண் சொக்கியது. நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இரண்டு எண்களைக் கூட்டி எழுதுவதற்குள் முதல் எண் மறந்துபோனது. இரத்தம் கொடுத்துப் பார்த்தால் 21. மல்லித் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. இப்போதும் ரசத்தில் கைநிறையத் தனியா போடுகிறேன். ஆனால் அதில் தைராக்சின் இல்லை. சுரப்பி தர முடியாததை விதை தராது.

'வாழ்நாள் முழுக்கவா?' என்ற மனக்குறை தீர எனக்கு உதவியது ஒரு பழைய செய்தி. 1891-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் மருத்துவர், தைராய்டு முற்றிலும் சோர்ந்துபோன 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியில் ஏற்றினார். சில மாதங்களில் அந்தப் பெண் தேறிவிட்டார். பிறகு அந்தச் சாற்றை வாய்வழியாகவே எடுத்துக்கொண்டு 28 வருடம் வாழ்ந்து, 1919-ல் 74-ஆம் வயதில் இறந்தார். அதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் வீங்கி, மந்தித்து, குளிரில் நடுங்கிப் படுத்த படுக்கையானார்கள். 1914 கிறிஸ்துமஸ் நாளில் எட்வர்ட் கெண்டல் என்ற அமெரிக்கர்தான் தைராக்சினை முதலில் தனியாகப் பிரித்தெடுத்தார். இன்று அது என் அடுப்படி அலமாரியில் ஒரு சின்ன டப்பாவில் இருக்கிறது. இதைப் படித்த அன்றைக்கு அந்த டப்பாவின் மேல் இருந்த வெறுப்பு போய்விட்டது.

சரி, உப்புக்கு வருகிறேன். தூத்துக்குடிக்காரி உப்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

என் அப்பா உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். உப்பு வாரும் காலத்தில் அளத்திலிருந்து ஒரு சாக்கு கல்லுப்பு வீட்டுக்கு வரும். வெயிலில் கண்ணாடிச் சில்லுபோல மின்னும். வருடம் பூராவும் குழம்புக்கும் ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அதுதான். கல்யாணமான பிறகும் அந்தச் சாக்கில் பாதி என் புகுந்த வீட்டு ஜாடிக்கு வந்தது. கடலோரத்தில் இருக்கிறோம், கடல் உப்பு தின்கிறோம், மீன் தின்கிறோம், நமக்கு எப்படி அயோடின் குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். நானும் நினைத்தேன். உண்மை வேறு. கடல்நீரில் அயோடின் மிகச் சொற்பம். அது உப்பாக விளையும்போது அந்தச் சொற்பமும் பெரும்பாலும் தங்குவதில்லை. அதனால்தான் அளத்து உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியாகச் சேர்க்கிறார்கள். நம் கைக்கு வரும்போது பத்து லட்சத்துக்குக் குறைந்தது 15 பங்கு அயோடின் இருக்க வேண்டும் என்பது கணக்கு. இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில், ஊர் ஊராகக் கழுத்துக் கழலையோடு வாழ்ந்த மக்களுக்கு அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்து, கழலை குறைவதை நிரூபித்தவர் டாக்டர் வி. ராமலிங்கசாமி. 1956-ல் தொடங்கிய வேலை அது. 1962-ல் நாடு தழுவிய திட்டம் வந்தது. அந்தத் திட்டத்துக்கு உப்பு அனுப்பும் ஊரில் பிறந்த நான், அயோடின் இல்லாத உப்பைத் தின்று வளர்ந்திருக்கிறேன்.

இதைத் தெரிந்துகொண்டதும், உப்பால்தான் எனக்குத் தைராய்டு வந்தது, உப்பை மாற்றினால் போய்விடும் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். டாக்டர் நிறுத்தினார். ஆன்டி-டி.பி.ஓ. என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்யச் சொன்னார். அது மிக அதிகமாக வந்தது. அதாவது என் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே என் சுரப்பியைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. 1912-ல் ஹாகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் நான்கு பெண்களிடம் பார்த்து எழுதிவைத்ததால் அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. இதை உப்பும் தீர்க்காது, அயோடினை அள்ளி அள்ளித் தின்றால் இன்னும் மோசமாகவும் வாய்ப்புண்டு. ஆனாலும் உப்பை மாற்றச் சொன்னார், காரணம் எனக்காக இல்லை. சாதாரணமாக ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும். கர்ப்பிணிக்கு 250 வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வரப்போகிற குழந்தையின் சுரப்பிக்கும் அது போக வேண்டும். ஆக, ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் அளத்து உப்பு, சமையலுக்கு அயோடின் உப்பு என்று ஜாடி இரண்டானது. அயோடின் உப்பை மூடி இறுக்கி, அடுப்பு ஓரத்திலிருந்து தள்ளி வைக்கிறோம். ஈரத்திலும் சூட்டிலும் அயோடின் போய்விடும்.

காய்கறிப் பட்டியல்தான் வீட்டில் பெரிய சண்டை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி எல்லாவற்றையும் அம்மா தடை செய்திருந்தாள். கிழங்கு என்ற பெயர் இருந்தாலே ஆகாது என்று தையில் பனங்கிழங்கைக்கூட என் கையிலிருந்து பிடுங்கினாள். மரவள்ளிக்கிழங்குக்குச் சொன்ன விதி பனங்கிழங்கின் மேல் விழுந்துவிட்டது. விஷயம் இதுதான்: கோஸ் வகைக் காய்களிலும் மரவள்ளியிலும் தைராய்டு அயோடினை எடுப்பதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு. வேகவைத்தால் அவை பெருமளவு குறையும். உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்து, வாரம் இரண்டு முறை கோஸ் பொரியல் சாப்பிடுவதால் ஒன்றும் ஆகாது. கம்பு கொஞ்சம் வேறு மாதிரி. அம்மாவின் ஊர் விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு, கோடையில் கம்பங்கூழ்தான் சாப்பாடு. சூடானின் டார்ஃபூர் பகுதியில், அயோடினும் குறைந்து, மூன்று வேளையும் கம்பையே நம்பி இருந்த மக்களிடம் கழலை மிகுதியாக இருந்ததைப் பார்த்துக் கம்பின் மேல் சந்தேகம் வந்தது. கம்பில் இருக்கும் அந்தப் பொருள் சமைத்தாலும் முழுதாகப் போவதில்லை. அதற்காக நான் கூழை விட்டுவிடவில்லை. சித்திரை வெயிலில் வாரம் ஒரு நாள், சின்ன வெங்காயத்தோடும் மோர்மிளகாயோடும். தினமும் இல்லை, அவ்வளவுதான்.

மற்றபடி என் சாப்பாட்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. காலையில் ஒரு முட்டை சேர்ந்தது. சாளை மீன் குழம்பு வாரம் இரண்டு முறை. முருங்கைக்கீரை. ஃபோலிக் ஆசிட் மாத்திரை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே. மீல் மேக்கர் சமைத்தால் மதியத்துக்குத் தள்ளிவிடுவேன், ஏனென்றால் சோயாவும் மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். வயிற்று எரிச்சலுக்கு நம் ஊரில் கேட்காமலே வாங்கி விழுங்குகிறோமே 'கேஸ் மாத்திரை', அதுவும் அந்த வேலையைச் செய்யும். தினசரி அதைப் போடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் காலை இப்படி மாறியது. நாலே முக்காலுக்கு அலாரம். தலைமாட்டில் ஒரு செம்பு தண்ணீர், பக்கத்தில் டப்பா. மாத்திரை, அரைச் செம்பு தண்ணீர், வேறு ஒன்றும் இல்லை. ஆறு மணிக்குக் காபி. இரும்பு மாத்திரை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரும்புக்கும் கால்சியத்துக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும் என்பதால், இரவு என்றால் சந்தேகமே இல்லை.

முதல் நாள் ஐந்து மணிக்கு அடுப்படிக்குப் போனபோது அத்தையின் காபி மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது. "நீங்க குடிங்க அத்தை, எனக்கு ஆறு மணிக்கு மேலதான்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. மாமாவுக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மீதியை மூடி வைத்தார். ஆறு மணிக்கு அதைச் சூடு பண்ணி இரண்டு டம்ளரில் ஊற்றினார். "ஒரு பிள்ள வாயக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்போது எனக்கு எப்படிம்மா இறங்கும்?" நாற்பது வருடமாக ஐந்து மணிக்குக் காபி குடித்தவர் அவர். அன்றிலிருந்து ஒரு நாள்கூட எனக்கு முன்னால் குடித்ததில்லை.

நேரத்தை மாற்றிய பத்தாம் நாளே எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டாம் வாரம் லேபுக்குப் போய் நானே காசு கொடுத்து இரத்தம் எடுத்துவிட்டேன். 8.1. அழுதுகொண்டு போன் செய்தேன். 'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று ஒரு பழமொழி உண்டல்லவா, டாக்டர் அதைத்தான் சொன்னார். ஆனால் சிரிக்காமல் சொன்னார். தைராக்சின் உடம்பில் மெதுவாகச் சேரும் பொருள். பாதி கரையவே ஒரு வாரம் எடுக்கும். புதிய அளவு நிலைபெறவும், பிட்யூட்டரி அதைக் கேட்டு அடங்கவும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்கு முன் பார்க்கும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. எட்டாம் வாரம் பார்த்தோம். 2.3. அதே 75 மைக்ரோகிராம். கருத்தரிக்க முயல்கிறவர்களுக்கு, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், 2.5-க்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மூன்றாம் மாதம் என் சுற்று 31 நாளுக்கு வந்தது. காலண்டரில் நானும் இவரும் மாறி மாறி எண்ணிப் பார்த்தோம்.

ஆனால் அதோடு குழந்தை வந்துவிடவில்லை. இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாகிவிடும். எனக்குத் தைராய்டு என்று தெரிந்த நாளிலிருந்து எல்லாப் பழியும் என் கழுத்தின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால் இவருக்கு ஒரு பரிசோதனை செய்யலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. 2.3 வந்து ஆறு மாதம் கழித்துத்தான் செய்தோம். விந்தணு எண்ணிக்கை குறைவு என்று வந்தது. அது அவருடைய கதை, அவர் இவ்வளவு எழுதச் சம்மதித்தார். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பெண்ணுக்கு முதல் இரத்தப் பரிசோதனை நடக்கும் வாரத்திலேயே ஆணுக்கும் நடந்துவிட வேண்டும். சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில் பத்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைபாடு இருந்தது. இவ்வளவு பரவலான ஒன்று இருப்பதாலேயே மற்ற காரணம் எதுவும் இல்லை என்று ஆகிவிடாது.

அந்த வருடத்தில் இன்னொன்று நடந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது என்று அலுவலகத் தோழி சொன்ன ஒரு மாத்திரையை வாங்கிப் போட்டேன். அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 0.2 என்று வந்தது. மாத்திரை அதிகமாகிவிட்டதோ, குறைக்க வேண்டுமோ என்ற பேச்சு வந்தது. டாக்டர் பழையபடி ஒரு கேள்வி கேட்டார்: "புதுசா ஏதாவது சேர்த்தீங்களா?" முடி மாத்திரையில் இருந்தது பயோட்டின் என்ற வைட்டமின். அது தைராய்டைத் தொடாது. ஆனால் லேபில் பரிசோதிக்கும் முறையைக் குழப்பி, எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டிவிடும். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதுபற்றி எச்சரித்திருக்கிறது. ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் பார்த்தால் 2.4. முடிக்கு, தோலுக்கு என்று ஏதாவது போடுகிறவர்கள் இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. திருச்செந்தூர் எங்களுக்குப் பக்கம், நாற்பது கிலோமீட்டர். ஆறு நாளும் விரதம் இருந்து, சூரசம்ஹாரத்தன்று கடற்கரையில் நிற்பது அத்தையின் வழக்கம். 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதைச் 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்று எங்கள் பக்கம் பெண்கள் மாற்றிச் சொல்வார்கள். அகப்பை என்றால் கருப்பை. அந்த வருடம் நானும் இருக்கிறேன் என்றேன். பல்லில் தண்ணீர் படாமல் இருக்கும் நாட்களில் மாத்திரையை என்ன செய்வது என்று எனக்குக் கவலை. அத்தையிடம் கேட்கவே தயங்கினேன். அவரே நாலே முக்காலுக்குச் செம்பைக் கொண்டு வந்து வைத்தார். "மருந்துக்குக் குடிக்கிற தண்ணிக்கு முருகன் கணக்கு வைக்க மாட்டான்" என்றார். பகல் முழுக்கப் பட்டினி கிடக்க வேண்டாம், பழமும் பாலும் எடுத்துக்கொள் என்று சொன்னவரும் அவரே.

இப்போது எனக்கு ஐந்தாம் மாதம். கருவுக்கென்று ஒரு தைராய்டு உருவாகி, அது ஹார்மோன் சுரக்கத் தொடங்கவே சுமார் பன்னிரண்டு வாரம் ஆகிறது. அதன் பிறகும் அது முழுதாகத் தேற இன்னும் பல வாரம். அதுவரை அதன் மூளை வளர்வதற்குத் தாயின் தைராக்சின்தான் ஆதாரம். ஆனால் கர்ப்பம் என்று பல பெண்களுக்குத் தெரியவே ஆறு வாரம் ஆகிவிடுகிறது. டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு வாரம். இந்த இடைவெளியைத்தான் என் டாக்டர் முன்கூட்டியே அடைத்து வைத்தார். கர்ப்பம் தரிப்பதற்கு எத்தனையோ மாதம் முன்பே ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்: 'கார்டில் இரண்டு கோடு வந்தால் மறுநாளிலிருந்து வாரத்துக்கு ஏழுக்குப் பதில் ஒன்பது மாத்திரை. திங்கள், வியாழன் இரண்டிரண்டு. அந்த வாரமே டி.எஸ்.ஹெச்.' இது எனக்காக, என் அளவைப் பார்த்து எழுதியது. நீங்களும் கருத்தரிக்கும் முன்பே உங்கள் டாக்டரிடம் இப்படி ஒரு சீட்டைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அதன் பிறகு நான்கு வாரத்துக்கு ஒரு முறை இரத்தம் கொடுக்கிறேன். இப்போது மாத்திரை 100-க்கு வந்திருக்கிறது. கால்சியம் மதியத்துக்கு.

அந்தச் சீட்டை எட்டாக மடித்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் ஒட்டி வைத்திருந்தேன். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முப்பத்து நாலாம் நாள். நாலே முக்காலுக்கு எழுந்து, யாரையும் எழுப்பாமல் குளியலறைக்குப் போனேன். கார்டை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, வெளியே வந்து மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தேன். முதல் கோடு அழுத்தமாக இருந்தது. அதன் பக்கத்தில் வெளிறிய ஊதாவில் இன்னொன்று.

டப்பாவைக் கவிழ்த்து, நகத்தால் அந்தச் சீட்டைக் கிழியாமல் எடுத்தேன். நாளை திங்கள். இரண்டு.

அடுப்படியில் கருப்பட்டி கொதிக்கிற வாசனை வந்துவிட்டது. போய் அத்தைக்குப் பக்கத்தில் மணைப்பலகையில் உட்கார்ந்தேன். காபியை இறக்கி மூடி வைத்துவிட்டு அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. ஆறு மணிக்கு அவர் இரண்டு டம்ளரை எடுத்து வைத்த பிறகுதான் சொன்னேன்.